ஆகஸ்ட் 1 கணக்கு ஏப்ரலிலேயே முடிந்துவிடுகிறது: டெல்டாவின் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளித் தாளாளர்களுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கத்துக்குரிய பங்குத்தந்தையர்க்கும், பள்ளிப் பொறுப்பில் உள்ள அருட்சகோதரிகளுக்கும், பங்குப் பேரவையினர்க்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

மூன்றாம் பருவம் முடியப் போகிறது. ஆண்டு விழாவுக்குப் பந்தல்காரரிடம் சொல்லியாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் யார், அவருக்குப் பொன்னாடை போர்த்துவது யார் என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. இதே வாரங்களில் பள்ளியில் வேறு சில வேலைகளும் உண்டு. அவற்றுக்கு மேடை கிடையாது, போட்டோ கிடையாது. அவை நடந்தால்தான் ஜூனில் முதல் வகுப்புக்குப் பிள்ளை வரும். டெல்டாவின் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளிகளில் வேலை பார்த்த, பார்த்துக்கொண்டிருக்கிற ஆசிரியர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. விழாவுக்குக் கொடுக்கும் உழைப்பில் பாதியை இந்த வேலைகளுக்குத் திருப்பிவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் நிற்கும் என்பதை ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. 63 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு முடித்து 14 பேர் போனால் மிச்சம் 49. மூன்றாவது ஆசிரியர் நிற்க வேண்டுமானால் 12 பேர் புதிதாகச் சேர வேண்டும். 11 பேர் சேர்ந்தால் மொத்தம் 60, ஒரு பணியிடம் உபரி. அந்த ஆசிரியரை வேறொரு பள்ளிக்கு நிரவிவிடுவார்கள். பிறகு ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர், கூட்டம், இணையப் பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகம் என்று அலைபவர். ‘அங்க டீச்சரே இல்லையாம்’ என்ற பேச்சு தெருவில் ஓடும். அடுத்த வருடம் 12 அல்ல, ஏழு பேர் வருவதே அபூர்வமாகிவிடும். மூடுவிழா நோக்கிப் போகும் பள்ளிகள் எல்லாம் இப்படி ஒரே ஒரு பிள்ளையில்தான் சறுக்கத் தொடங்குகின்றன.

இந்த 12 பேரை ஜூன் மாதம் துண்டறிக்கை அடித்துத் தேடிப் பயனில்லை. நர்சரிப் பள்ளிகளின் வேன் ஏப்ரலிலேயே தெருத் தெருவாகப் போய் முன்பணம் வாங்கிவிடுகிறது. ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்ட தகப்பனார் அந்த ஐந்நூறுக்காகவே நம் பக்கம் திரும்ப மாட்டார்.

பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூன்று பட்டியல்கள் வேண்டும். ஒன்று உங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கிறது, ஞானஸ்நானப் பதிவேடு. முதல் வகுப்பில் சேர ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு முந்தைய ஜூலை 31ஐ எல்லையாக வைத்து, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் பிறந்த பிள்ளைகளைக் குறித்துக்கொண்டால் முதல் பட்டியல் தயார். அதில் ஒரு ஓட்டை உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் மூத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மா ஊர்ப் பங்கில் ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள், நம் பதிவேட்டில் பெயர் இருக்காது. அதற்குத்தான் அன்பியம், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்கின் சிறு குழு. ஒவ்வொரு அன்பியப் பொறுப்பாளரும் தம் பகுதியின் இருபது முப்பது வீடுகளை மனசில் ஓட்டினாலே விட்டுப்போன பெயர்கள் வந்துவிடும். இது இரண்டாவது பட்டியல். மூன்றாவதுதான் பெரியது, அங்கன்வாடிப் பதிவேடு. நம் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கப் பிள்ளைகளைவிட மற்றப் பிள்ளைகள்தான் அதிகம். அங்கன்வாடிப் பணியாளரிடம் தலைமையாசிரியர் மார்ச்சிலேயே பேசி, ஏப்ரலில் ஒரு நாள் அந்தக் குழந்தைகளை முதல் வகுப்பு அறைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்து, பாட்டுப் பாடி, காலை உணவோடு அனுப்பினால் போதும். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வீட்டுக்குப் போன பிள்ளை ‘நா அந்த ஸ்கூலுக்குத்தான் போவேன்’ என்று சொல்வதைவிடப் பலமான விளம்பரம் இல்லை.

காலை உணவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில்தான் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 முதல் வந்தது. ஆனால் உதவி பெறும் பள்ளியிலும் காலையில் பொங்கலும் கிச்சடியும் உண்டு என்பது இன்னும் பல பெற்றோருக்குத் தெரியாது, அது அரசுப் பள்ளிக்கு மட்டும் என்றே நினைக்கிறார்கள். விடியற்காலையில் நடவுக்கும் களைக்கும் போகும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு விழா அழைப்பிதழில் விருந்தினர் பட்டங்களைக் குறைத்துவிட்டு இந்த ஒரு வரியைப் போடுங்கள்.

இனி பெயர் விவகாரம். நம் பள்ளிகளுக்கே உரிய சிக்கல் இது. ஞானஸ்நானத்தில் ஆரோக்கிய மேரி, பிறப்புச் சான்றில் ஆரோக்கியமேரி, ஆதாரில் ஆரோக்யா மேரி, வீட்டில் சிந்து. பையன் என்றால் அந்தோணிசாமி, அந்தோனிசாமி, ஆண்டனிசாமி என்று மூன்று. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையதளத்தில் முதல் நாள் எது ஏறுகிறதோ அதுவே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை இழுத்துக்கொண்டு போகும். பிறகு திருத்த நினைத்தால் தகப்பனாருக்கு எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கையின்போது பிறப்புச் சான்றைப் பார்த்து எழுதுவதே சரி. அதில் குழந்தையின் பெயரே ஏறாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கிற சான்றுகளும் வரும். முதலில் அதில் பெயரை ஏற்றச் சொல்லி அனுப்ப வேண்டும், ஆனால் அதற்காகச் சேர்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது. தலைப்பெழுத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பெயரிலிருந்து எடுங்கள். சூசையும் ஜோசப்பும் ஒரே பெயர்தான், ஆனால் தமிழில் சூசைக்கு ‘சூ’ என்றும், ஆங்கிலத்தில் ஜோசப்புக்கான எழுத்தும் போட்டால் பிற்பாடு இரண்டு ஆள் ஆகிவிடும்.

ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளுக்கு ஏப்ரல் நடுவில் ஒரு வேலை. எமிஸில் உள்ள விவரத்தை ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் என்று அச்செடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். பெயர் இரு மொழியிலும், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஆதார் எண், இரத்த வகை, சமூகம், கைப்பேசி எண். பெற்றோர் தப்பைச் சிவப்பில் சுழித்து, கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். அதிகம் தப்பாக இருப்பது கைப்பேசி எண்தான். ரீசார்ஜ் போடாமல் விட்டு, அந்த எண் வேறு யாருக்கோ போய், பிள்ளையின் வருகை பற்றிய குறுஞ்செய்தி சேலத்தில் ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சமூகக் கட்டத்தில் ஆசிரியர் ஊகத்தால் எழுதவே கூடாது. பெயரைப் பார்த்தோ கழுத்தில் செபமாலை பார்த்தோ மதத்தை நிரப்பும் பழக்கம் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியம், பௌத்தம் சார்ந்தவர்களே பட்டியல் சாதியினர். ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். ஆக, அந்த ஒரு கட்டத்தில் உதவித்தொகையும் இடஒதுக்கீடும் அடங்கியிருக்கின்றன. வருவாய்த் துறைச் சான்றில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவோம். சான்று வாங்காதவர்களுக்கு இ-சேவை மையம் போகும் முன் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். இதில் பங்குத்தந்தை ஒரு பக்கமும் ஆசிரியர் இன்னொரு பக்கமும் யோசனை சொல்லிப் பெற்றோரைக் குழப்பாமல் இருந்தால் நல்லது.

ஐந்தாம் வகுப்பு முடிப்பவர்கள் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம், பாதிதான் முடிந்திருக்கும். எமிஸில் அந்தப் பிள்ளையை நம் பள்ளியிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஜூன் இரண்டாவது வாரம் வேறு பள்ளியிலிருந்து ‘பிள்ளை உங்ககிட்டயே நிக்குது சார்’ என்று போன் வருவது இதனால்தான். எண்ணிக்கை குறைந்து தெரியக் கூடாதே என்று வேண்டுமென்றே பிடித்து வைப்பதும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் புதிய பள்ளியில் புத்தகம், சீருடைக் கணக்கு எல்லாம் தடைபடும்.

அடுத்து, ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? பத்து வயதில் எடுக்கும் இந்த முடிவு பதினெட்டு வயதில் பணமாகத் திரும்புகிறது என்பதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது, அதற்கும் இதே கணக்கு. ஆனால் மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள்ள 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. நம்முடைய உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் படித்தால் அது கிடையாது. ‘இதைச் சொன்னால் நம் மறைமாவட்டப் பள்ளிக்கு வர மாட்டார்களே’ என்ற தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். தெரிந்தே நம் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரியாமல் தேர்ந்தெடுத்தவர் பின்னால் வருத்தப்பட்டால் அதற்கு நம்மிடம் பதில் இல்லை. தனியார் ஆங்கில வழிக்கு மாற்றினால் மேற்சொன்ன மூன்றும் போகும் என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம். அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று கேட்கிறார்கள். எனவே நம் தொடக்கப் பள்ளியின் பதிவேட்டில் பயிற்று மொழிக் கட்டம் காலியாக இருந்தால் அது இருபது வருடம் கழித்து ஒருவரின் வேலையைத் தடுக்கும்.

படிப்பு நிலை பற்றிப் பெற்றோருக்கு நாம் தரும் செய்தி நேர்மையாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பருவத்துக்குள் வகுப்பிலேயே போடும் வளரறி மதிப்பீடு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி மதிப்பீடு 60, கூட்டிப் பார்த்து ஒரு தரம். வளரறி மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுவதால் எல்லோருமே நல்ல தரத்தில் நிற்கிறார்கள். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து அடுத்த ஆண்டே நான்கு, ஐந்துக்கும் நீண்டது. கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பது வகுப்பாசிரியருக்கு நன்றாகத் தெரியும். தர அட்டையில் அது தெரியாது. இந்த ஆண்டு முதல், ஐந்தாம் வகுப்பை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையால் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு ஒன்று தர நினைக்கிறோம். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசிக்கிறதா, சொல்வதெழுதுதலில் ற-ர, ண-ன தடுமாற்றம் எந்த அளவு, கடன் வாங்கிக் கழித்தல் வருகிறதா, இரண்டு இலக்க எண்ணால் வகுக்கிறதா, கண் பார்வையில் சந்தேகம் உண்டா. ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு இந்த ஐந்து வரி போதும்.

மூன்றாம் பருவத்தில் வருகை சரிவதற்கும் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. சம்பா அறுவடைக்கு முன்பே ஈர வயலில் தெளித்த உளுந்தும் பயறும் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் எடுப்புக்கு வரும். அம்மா வயலுக்குப் போனால் பெரிய பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும். கடலோரப் பங்குகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு இருக்காது. ஆண்டு விழா உடைக்கு முந்நூறு ரூபாய், சுற்றுலாவுக்கு ஐந்நூறு என்று இந்த வாரங்களில் கேட்டால், பிள்ளை வராமல் நிற்பது காய்ச்சலால் அல்ல, அந்த ரூபாயால்தான். வசூல் எதுவாக இருந்தாலும் பிப்ரவரிக்குள் முடியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாள்களில் பிள்ளைகளிடம் காசு சேர்க்கும் தவக்கால உண்டியலும் அப்படியே. எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று போட்டி வைப்பதை நிறுத்த வேண்டும். முருகனைக் கும்பிடுகிற பிள்ளையும் கூத்தாநல்லூர்ப் பக்கத்துப் பாய் வீட்டுப் பிள்ளையும் அந்தப் போட்டியில் எதற்கு?

புதுநன்மை (பிள்ளைகள் முதல் முறை நற்கருணை வாங்கும் சடங்கு) ஒத்திகை பற்றி ஒரு வேண்டுகோள். ஆண்டுத் தேர்வு வாரத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்து மணிக்குக் கோவிலுக்கு அழைக்காதீர்கள். நான்கு மணிக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. மறைக்கல்வி நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு என்று கால அட்டவணையில் இருக்கும். நடைமுறையில் அவர்கள் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு ஓர் ஆசிரியரை எழுத்தில் ஒதுக்குங்கள்.

ஆண்டு விழாவுக்கு வருகிறோம். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை மேடையில் ஏறுவதைப் பார்க்க வரும் பாட்டிக்காகவாவது விழா வேண்டும்.

பந்தல் கீற்றாக இருக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற நாமே ‘ஒரு நாளைக்குத்தானே’ என்று கீற்றுக் கொட்டகை போட்டு, அதில் டியூப்லைட் கம்பியைச் சணலால் கட்டித் தொங்கவிடுவதைப் பார்க்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. தகரமோ திறந்த வானமோ போதும், ஏப்ரல் மாலையில் மழை அபூர்வம். ஒயர் ஒட்டுகள் தரையில் கிடக்கக் கூடாது. ஜெனரேட்டர் மேடைக்குப் பின்னால் உடை மாற்றும் அறையை ஒட்டி நிற்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் எண்ணெய் ஊற்றவும் கூடாது. நாற்காலி வரிசைகளின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அளவுக்கு வழி விடுங்கள். தீயணைப்பான் சுவரில் தொங்குவது மட்டும் போதாது, அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மணல் வாளி நான்கு.

நேரம். ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு நிமிடம் வீதம் பன்னிரண்டு நிகழ்ச்சி 48 நிமிடம். இடைவெளிக்கு முப்பது நிமிடம், ஆண்டறிக்கைக்குப் பத்து. ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டிய விழா நான்கு மணி நேரம் போவதற்குப் பேச்சும் பொன்னாடையும்தான் காரணம். ஐந்து வயதுப் பிள்ளை ரோஸ் பவுடரும் சரிகை உடையும் போட்டு மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருக்கும், அதன் நடனம் எட்டு மணிக்கு வரும், அதற்குள் தூங்கியோ வாந்தி எடுத்தோ போயிருக்கும். சின்ன வகுப்புகளை முதலில் விடுங்கள். ஆடி முடித்த பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்க ஓர் ஆசிரியர் பெயர்ப் பட்டியலோடு ஒரு வாசலில் நிற்க வேண்டும். பிள்ளை தொலைந்தது என்று மைக்கில் அறிவிப்பு வருவதெல்லாம் இந்த ஓர் ஏற்பாடு இல்லாததால்தான். வாழ்த்துரை எத்தனை என்று கேட்டால் ஒன்று என்போம்.

குடிநீர், முந்நூறு பேருக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்றாலே 150 லிட்டர், இருபது லிட்டர் கேன் எட்டு. சாப்பாட்டுப் பொட்டலம் போடுவதானால் மதியம் கட்டி இரவு எட்டு மணிக்குக் கொடுக்காதீர்கள். சூட்டோடு கட்டிய சோறு உள்ளேயே வியர்த்து நான்கு மணி நேரத்தில் நசநசத்துவிடும். தேங்காய்ச் சட்னி அறவே வேண்டாம், அதுதான் முதலில் கெடும். எலுமிச்சைச் சாதமும் ஊறுகாயும் போதும், அதையும் நன்றாக ஆற விட்டுக் கட்டுங்கள்.

தேர்வு முடிந்து கதவைச் சாத்தும் முன் செய்ய வேண்டியவை இனி.

பதிவேடுகள். கும்பகோணம் 1899இலும் தஞ்சாவூர் 1952இலும் மறைமாவட்டங்கள் ஆயின. நம் பள்ளிகள் சில அவற்றுக்கும் முந்தியவை. சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம், எக்காலத்திலும் அழிக்கக் கூடாதது. அதைச் சுவர் ஓரமாக மர அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் கறையான் வரும். இரும்பு அலமாரி, அதுவும் நான்கு செங்கல் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஓடு ஒழுகாத மூலையில். 2018 நவம்பர் 16 கஜா புயலில் கூரை போன கட்டடங்களில் நனைந்த காகிதத்தை வெயிலில் உலர்த்திப் பிரித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மே மாதத்தில் படிக்கத் தெரிந்த இளையோர் இரண்டு பேரைக் கொடுத்தால், பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, ஆண்டுவாரியாகக் கோப்பு போட்டு, இரண்டு பென் டிரைவில் ஏற்றிவிடலாம். ஒன்று பள்ளியில், ஒன்று ஆயர் இல்லக் கல்வி அலுவலகத்தில். பிள்ளைகளின் விவரம் அது, யாருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றக் கூடாது.

தண்ணீர்த் தொட்டி. ஒன்றரை மாதம் தேங்கிய நீரைத் திறப்பு நாளில் பிள்ளைகள் குடிக்கும்படி விடக் கூடாது. விடுமுறை தொடங்கும்போது முழுக்க வடித்து உலர்த்திவிடுங்கள். திறப்புக்கு மூன்று நாள் முன் தேய்த்துக் கழுவி, நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். தூளை அப்படியே கொட்டாமல் வாளியில் குழப்பி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு இரவு விட்டு, எல்லாக் குழாயிலும் வாடை வரும் வரை திறந்து, பிறகு முழுவதும் வடித்து நல்ல நீர் நிரப்பலாம். போன வருடம் வாங்கிப் பையைத் திறந்து வைத்த பவுடரில் வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள். ஜூனில் குறுவைக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் வாய்க்கால் ஓரத்துப் பாம்புகள் மேடு தேடும். பூட்டிக் கிடந்த கழிப்பறைதான் அவற்றுக்குப் பிடித்த மேடு. திறப்புக்கு முன் பெரியவர் ஒருவர் பகலில் கதவைத் தட்டித் திறந்து பார்க்க வேண்டும்.

பிறகு, தாளாளர் மாற்றம். தாளாளராக இருக்கும் பங்குத்தந்தையரின் இடமாற்றம் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில்தான் வருகிறது. போகிற சாமிக்குப் பிரிவு உபசாரம், வருகிற சாமிக்கு மேளதாளம். இரண்டுக்கும் நடுவில் பள்ளிக் கோப்பை யாரும் கை மாற்றுவதில்லை. புதியவருக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று ஆகிய நான்கும் என்றைக்குக் காலாவதியாகின்றன என்று தெரியாது. ஒன்று தேதி தாண்டிய பிறகு ஆய்வுக்கு வந்தவர் சொல்லித்தான் தெரியவரும். வங்கிக் கணக்கில் பழைய கையெழுத்தே நிற்பதால் மின்கட்டணம்கூட ஆசிரியர் கைக்காசில் போகும். மாற்றலாகிப் போகிறவர் ஒரே தாளில் இதை எழுதி வைத்துவிட்டுப் போகலாமே: நான்கு சான்றுகளின் தேதி, வங்கிக் கணக்குகளும் இருப்பும், பிள்ளைகளின் எண்ணிக்கை வகுப்புவாரியாக, நிரப்பாத பணியிடம், பாதியில் நிற்கும் கட்டட வேலை, தர வேண்டிய கடன். தலைமையாசிரியரும் அதில் கையெழுத்திடட்டும்.

மே மாதம் பற்றி ஒன்று. பள்ளி மூடினால் காலை உணவும் மதிய உணவும் சேர்ந்தே நிற்கும். பங்கில் கோடைகால மறைக்கல்வி முகாம் எப்படியும் நடக்கிறது. அதோடு காலை ஒரு மணி நேரம் எல்லாப் பிள்ளைகளுக்குமான வாசிப்பு வகுப்பை வைத்து, ஏழைகளுக்கு உதவும் பங்கின் வின்சென்ட் தே பால் சபை மதியச் சோற்றை ஏற்றுக்கொண்டால், அரும்பு நிலையில் நிற்கும் பிள்ளைகளை நாங்கள் முறை வைத்து வந்து பார்த்துக்கொள்கிறோம். சம்பளம் எதிர்பார்க்கவில்லை.

கடைசியாக, பருவ முடிவுச் சுற்றறிக்கை. இதைப் பூசை முடிவில் அறிவித்தால் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் போய்ச் சேரும். ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், கிழமையோடு தேதி போட்டு, ரேஷன் கடை, டீக்கடை, நூறு நாள் வேலைக்குக் கூடும் இடம் ஆகிய மூன்றிலும் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு வகுப்பாசிரியரின் குரலிலேயே ஒரு நிமிட வாட்ஸ்அப் பதிவு. அதில் இருக்க வேண்டியவை: தேர்வு முடியும் நாள், திறக்கும் நாள், மாற்றுச் சான்றிதழ் தரும் நாள், புத்தகமும் நோட்டும் சீருடையும் அரசு தருவதால் முன்கூட்டி வாங்க வேண்டாம் என்பது, பள்ளியில் கட்டணம் எதுவும் இல்லை என்பது. நன்கொடை வாங்குவதாக இருந்தால் அது எதற்கு, எவ்வளவு, கொடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு, பங்குப் பேரவைக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் பள்ளி வளாகத்தில் முக்கால் மணி நேரக் கூட்டம் ஒன்று வையுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டை நீங்கள் கொண்டு வாருங்கள். அங்கன்வாடிப் பட்டியலையும், வகுப்புவாரி எண்ணிக்கையையும், வீடு வீடாகப் போக வேண்டிய தெருக்களின் பெயரையும் நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டங்களின் ஆர்.சி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்